கண்ணாடிக்காரம்மா சொல்லாத சொல்

எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரர் ஒரு நாள் கண்ணாடிக்காரம்மாவிடம், "ஏனுங்க அம்மணி, ஊட்ல தேங்கா இருக்குதுங்களா, ஒண்ணு போடட்டுங்களா?" என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டு அடுத்த சாமானுக்குப் போயிருப்பார்கள். அவர், "பாத்துபோட்டு வந்து சொல்றேனுங்க" என்று கிளம்பி, வெயிலில் இரண்டு தெரு நடந்து, வீட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "ஒண்ணு வாங்கோணுமுங்க" என்றார். அப்போதும் இல்லை என்று சொல்லவில்லை. கடைக்காரர் இதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தவள்தான். அப்போது எனக்கு வயது இருபத்தொன்று, எல்லாவற்றுக்கும் சிரிப்பு வரும்.

அவர் எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிறவர். காய்ச்சல் என்று யார் போனாலும் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் தடவி, மலேரியாப் பூச்சி இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். சில்லுகளை ஒரு மரப்பெட்டியில் அடுக்கித் தோள்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகவும் வருவார். அதனால்தான் கண்ணாடிக்காரம்மா என்ற பெயர். மூக்குக் கண்ணாடி அவர் போட்டதே இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரில் இருந்திருக்கும், ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒல்லியான உடம்பு. வலது கையின் விரல் நுனிகள் எப்போதும் நீலமாக இருக்கும், சில்லின் மேல் ஊற்றும் சாயம் ஒட்டிய நீலம். எதையாவது உற்றுப் பார்த்தால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். மைக்ராஸ்கோப் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. சந்தையில் பூசணிக்காய் வாங்கினாலும் ஒற்றைக் கண்ணால்தான் பார்ப்பார். காய்க்காரர்கள் முதலில் ஏதோ ஜாடை காட்டுகிறார் என்று குழம்பிப் போய், பிறகு பழகிக்கொண்டார்கள்.

ரத்தத்தில் பூச்சி இருந்தால் உடனே சொல்லிவிடுவார், மாத்திரையும் கொடுத்துவிடுவார். காணாவிட்டால்தான் வம்பு. "இன்னைக்குக் கண்ணுல படல கண்ணு. புதன்கெழம வாரேன்" என்பார். ரெஜிஸ்டரில் அந்தக் கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு மட்டும் போடுவார். புதிதாக வந்த டாக்டர், "என்னம்மா இது கோடு? நெகடிவ்னு எழுதுங்க" என்று சத்தம் போட்டாராம். "பாத்த வரைக்கும் கோடுங்க சார். பாக்காத எடத்துக்கு நான் எப்படிங்க எழுதறது?" என்று இவர் கேட்டதும் அந்த டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். நர்ஸம்மா சொன்ன கதை.

நான் அவரிடம் மாட்டியது தொண்ணூற்று மூன்றில். தலைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் போர் போடும் ரிக்கு லாரியில் டிரில்லர். திருச்செங்கோட்டைச் சுற்றி எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது ரிக்கு லாரியில் போயிருப்பார்கள். அவர் போனது ஒரிசாவில் காடும் மலையுமான ஒரு இடம். கல்யாணமான மூன்றாம் மாதமே நானும் பின்னாலேயே போய்விட்டேன். கேம்ப்பில் பத்துப் பேருக்குச் சமையல். இரண்டு வருஷம் இருந்தேன்.

முதல் வருஷம் மலேரியா என்னைப் போட்டு உலுக்கியது. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிடுகிடுக்கும், பிறகு கொதிக்கும், பிறகு வேர்த்துக் கொட்டும். நாலாவது தடவை வந்தபோது ஒரே சாயங்காலத்தோடு போய்விட்டது. அதற்கப்புறம் காய்ச்சலே வரவில்லை. அங்கேயுள்ள பெண்கள் காய்ச்சலோடு விறகு சுமப்பார்கள், தண்ணீர் எடுப்பார்கள். நானும் அவர்களில் ஒருத்தி ஆகிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

ஏழாம் மாதம் சீர் முடிந்து என்னை அழைத்து வந்த மறுநாளே கண்ணாடிக்காரம்மா மரப்பெட்டியோடு வந்து நின்றார்.

"ஒரிசாவுல இருந்து வந்த புள்ள இதுதானுங்களா? எத்தனாவது கண்ணு இது?"

"மொதலுங்க."

"காச்சல் வருதா?"

"எனக்கெல்லாம் வராதுங்க. அங்க இருந்து இருந்து ஒடம்புக்குப் பழகிப்போச்சு" என்றேன், பரிசு வாங்கியவள் மாதிரி.

அவர் சிரிக்கவில்லை. என் கீழ் இமையை விரலால் இழுத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "வெளுத்துக் கெடக்கறியே கண்ணு."

என் அம்மாவுக்கு அந்த வெளுப்பில்தான் அத்தனை சந்தோஷம். எங்கள் வீட்டில் எல்லோரும் கருப்பு. மகள் இப்படி வெளுத்தால் பேரப்பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்திருந்தார். நர்ஸம்மா கொடுத்த ரத்தம் ஊறும் மாத்திரையைத் தின்றால் பிள்ளை கருத்துவிடும் என்று யாரோ சொல்ல, அதை என்னைத் தொட விடவில்லை. எனக்கும் சிவப்புக் குழந்தை வேண்டும் என்று ஆசை. அதில் அம்மாவை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு விரலில் குத்தி இரண்டு சில்லில் தடவிக்கொண்டு போனார். மறுநாள் வந்து, "கண்ணுல படல" என்றார். அடுத்த புதன்கிழமையும் குத்தினார். அதற்கடுத்த புதனும். நாலாவது புதன்கிழமை என் அம்மா வாசலிலேயே மறித்து, "புள்ள ஊட்ல இல்லீங்க" என்றார்.

"எல்லா எடத்துலயும் தேடிப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டார். கோபமாகக் கேட்டாரா கிண்டலாகக் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்பா நிலக்கடலை காயப் போட்டிருந்தார், அதில் காக்கை இறங்காமல் கண்ணாடிக்காரம்மா விரட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் இருந்தார். எனக்குத்தான் பொறுக்க முடியவில்லை, நானே வெளியே வந்து விரலை நீட்டினேன். அம்மா அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அத்தனை மரியாதை பார்க்கிற எங்கள் வீட்டில் அது நடந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"எனக்குப் பழகிப்போச்சுன்னு சொன்னேனுங்களே, பின்ன எதுக்குங்க இத்தனை தடவ குத்தறீங்க?" என்று அன்றைக்குக் கேட்டேன். அவர் சில்லைப் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக் காயவைத்தபடி சொன்னார்.

"உங்கூட்ல நாய் இருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்க."

"திருடன் வந்தா ஒவ்வொரு ரூமா மோந்து புடிச்சுரும். ஏன்னா எல்லா ரூமும் அதுக்குப் பழக்கம். இப்ப நீ புதுசா ஒரு ரூம் கட்டிப்போட்டே. நாய் அதுக்குள்ள இதுவரைக்கும் போனதே இல்ல. திருடன் அங்க போய் உக்காந்துக்கிட்டான்னா?"

எனக்குப் புரியவில்லை.

"வயித்துக்குள்ள புள்ளையோட நஞ்சுக்கொடியும் வளருதுல்ல, அதுதான் கண்ணு புது ரூம். ஒடம்பு பழகுனதெல்லாம் பழைய எடத்துக்குத்தான். அந்தப் பூச்சி நஞ்சுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டா உனக்குக் காச்சலும் வராது, வெரல்ல குத்துனா எனக்கும் கெடைக்காது. ரத்தத்த உறிஞ்சி உன்னை வெளுக்க வெக்கும், புள்ளைக்குப் போற சோத்தையும் தின்னுபோடும். மொதப் புள்ளைக்குத்தான் இந்தத் தொந்தரவு ஜாஸ்தி. ரெண்டாவது மூணாவதுன்னா அந்த ரூமும் நாய்க்குப் பழகிப்போகும்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க."

டாக்டரிடம் எழுதி வாங்கி வந்த மாத்திரைப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ரெண்டு. கசக்கும். வெல்லம் கடிச்சுக்கோ. இதைத் தின்னுபோடு கண்ணு, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

நான் தின்னவில்லை. வயிற்றில் பிள்ளையோடு சூட்டு மாத்திரை தின்றால் கலைந்துவிடும் என்று அம்மா பயந்தார், அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. தூக்கி எறியவும் மனசு வரவில்லை. பொட்டலத்தை ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே சந்தில் செருகி வைத்தேன். அதற்குப் பிறகு அவர் வந்து, "தின்னியா கண்ணு?" என்று கேட்ட ஒவ்வொரு தடவையும், "ஆச்சுங்க" என்றேன். மைக்ராஸ்கோப்பில் ஒரு சில்லுக்கு நூறு இடம் தேடுகிற அந்த மனுஷி என் பேச்சை மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை.

நாள் கணக்குக்கு மூன்று வாரம் முன்னதாகவே வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காலை வெயில் ஏறும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. சிவப்பா கருப்பா என்று பார்க்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அப்பாவின் உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும். அழுகை பூனைக்குட்டியுடையது மாதிரி இருந்தது. நர்ஸம்மா பஞ்சு வைத்துச் சுற்றி என் நெஞ்சோடு கட்டிவிட்டார்.

எங்கள் பக்கம் நஞ்சைக் கண்ட இடத்தில் போட மாட்டார்கள். மண்சட்டியில் வைத்து, மஞ்சள் துணியால் வாய் கட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய், நாய் தோண்டாத ஆழத்தில் புதைப்பார்கள். வெளியாள் கண்ணில் படக் கூடாது. கையில் கிடைத்தால் செய்வினை வைத்துவிடுவார்கள், பிள்ளைக்கு ஆகாது என்று பயம். அம்மா சட்டியைக் கட்டி அப்பாவிடம் கொடுக்க, அப்பா சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினார். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட் அருகே கண்ணாடிக்காரம்மா ஓடி வந்து சைக்கிளுக்குக் குறுக்கே நின்றார்.

"அண்ணா, இருங்க. அதுல இருந்து ஒரு சொட்டு வேணுமுங்க. ஒரே ஒரு சொட்டு."

அம்மா இங்கிருந்தே கத்திக்கொண்டு ஓடினார். "அடிப் பாவி! புள்ள பொழைக்குமா பொழைக்காதான்னு கெடக்குது, நஞ்சைக் கேக்கறாளே! இவளுக்கு என்ன வேணுமாம்? வழிய விடச் சொல்லுங்க!"

ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். கண்ணாடிக்காரம்மா அம்மாவைப் பார்க்கவே இல்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, இந்தப் புள்ளைக்கு நாளைக்குக் காச்சல் கண்டா என்ன மருந்து குடுக்கறதுன்னு இந்தச் சட்டிக்குள்ளதானுங்க இருக்குது. பொதைச்சுட்டீங்கன்னா அதையும் சேத்துப் பொதைச்சுபோடுவீங்க."

என் அப்பா வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற ஆள். சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். சட்டியை இறக்கி, மஞ்சள் துணியை அவிழ்த்தார். "எடுத்துக்குங்க அம்மணி" என்றார். அந்த வருஷத்துப் பேச்சில் கால்வாசி அதோடு முடிந்தது. அம்மா பத்து நாள் அப்பாவோடு பேசவில்லை, சோறு மட்டும் தட்டில் விழுந்தது.

கண்ணாடிக்காரம்மா ஒரு நகக்கண் அளவு துண்டு வெட்டி, சில்லில் ஒற்றி எடுத்துவிட்டு, சட்டியைத் தன் கையாலேயே கட்டித் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்குக் கரண்ட் இல்லை. மைக்ராஸ்கோப்பை வராந்தாவுக்குத் தூக்கி வந்து, அடியில் இருக்கும் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி வைத்துப் பார்த்தார். நூறு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. குனிந்தவர் உடனே நிமிர்ந்துவிட்டார்.

என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். "ரூம் நெறையத் திருடனுங்க கண்ணு" என்றார். பிறகு மெல்ல, "அந்த மாத்திரையத் தின்னியா?" என்றார்.

அன்றைக்கு என்னால் "ஆச்சுங்க" என்று சொல்ல முடியவில்லை. அழுதுகொண்டே ஓட்டுச் சந்தைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார், அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நீல விரலால் என் நெற்றியைத் துடைத்துவிட்டு, "சொன்னியே, அதுவே நல்லது. உனக்கு இன்னைக்கே மருந்து. இனிப் புள்ளையப் பாப்போம்" என்று எழுந்து போனார்.

அதற்குப் பிறகு புதன்கிழமைக் கணக்கெல்லாம் போய்விட்டது, தினமும் வந்தார். வாசலில் நின்று குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். பன்னிரண்டாம் நாள் குழந்தை பால் குடிக்காமல் துவண்டது, உடம்பு சுட்டது. அம்மா யாரையோ கூப்பிட்டு மந்திரிக்கத் தயாரானார். கண்ணாடிக்காரம்மா குதிகாலில் குத்திச் சொட்டு எடுத்தார். குழந்தை கத்தவும் இல்லை, அத்தனை சோர்வு. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, "கண்ணுல படல" என்று சொல்லிவிட்டு மறுபடி குத்தினார். சாயங்காலம் மறுபடி. அம்மா, "ஊசி குத்தியே கொன்னுபோடுவா" என்று அரற்றினார். ஆனால் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை, அதை நான் கவனித்தேன்.

மறுநாள் காலை அவர் தெரு முனையில் ஓடி வருவது தெரிந்தது. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தார். "இருக்குது! இருக்குதுங்கம்மா! கண்டுபுடிச்சுபோட்டேன்!" பூச்சி இருக்கிறது என்று சொல்லி ஒருத்தர் அப்படிச் சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பின்னாலேயே டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். "நஞ்சுல இருந்துச்சுன்னு இந்தம்மா சொல்லாட்டி, பொறந்த புள்ளைக்கு மலேரியா இருக்கும்னு நான் நெனச்சே இருக்க மாட்டேன்" என்று அவரே அப்பாவிடம் சொன்னார். மருந்து கொடுத்த மூன்றாம் நாள் என் மகள் வாயைத் திறந்து அழுத அழுகை நாலு வீட்டுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவள் வாய் மூடியதே இல்லை என்பது வேறு விஷயம்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது, அவர் ஏன் அந்த ஒரு சொல்லைச் சொல்வதில்லை என்று கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சில்லுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மரப்பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய சில்லை எடுத்துக் காட்டினார். சாயம் மங்கிப் போயிருந்தது.

"வேலைக்குச் சேந்த புதுசு கண்ணு. ரிக்கு டிரைவர் ஒருத்தரு ஊட்டுக்காரி, உன்னாட்டவே ஏழு மாசம், மொதப் புள்ள. நம்மூர்லயே இருந்த புள்ள அது, ஒடம்புக்கு ஒரு பழக்கமும் கெடையாது. புருஷங்காரன் இருக்கற எடத்துக்குப் பத்து நாளு போய்ட்டு வந்திருக்கா. லேசாக் காச்சல்னு வந்தா. எனக்கு அஞ்சு மணி பஸ்ஸு. இருபது எடம் பாத்தேன். அந்தச் சொல்ல எழுதிபோட்டு பஸ் ஏறிட்டேன். அஞ்சாம் நாளு தாயும் போச்சு, புள்ளையும் போச்சு. அப்பறம் இந்தச் சில்ல எடுத்துப் பாத்தேன். இருந்துச்சு கண்ணு. இருபத்தி ஒண்ணாவது எடமோ முப்பதாவது எடமோ, ஓரமா இருந்துச்சு. அன்னைல இருந்து அந்தச் சொல்லு வாயில வர மாட்டேங்குது."

சில்லைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். எனக்குத் தேங்காய்க் கதை ஞாபகம் வந்தது. சிரித்ததற்காக வெட்கமாக இருந்தது, அவர் மீது அப்படி ஒரு பாசம் வந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், கூடையிலிருந்த சில்லுகளை எடுத்து நானும் கழுவ ஆரம்பித்தேன். "வுடு, ஒடைச்சுபோடுவே" என்று பிடுங்கிக்கொண்டார்.

மகளுக்கு இரண்டு வயதானபோது அவளை அம்மாவிடம் விட்டுவிட்டு மறுபடி ஒரிசா போனேன். அங்கே இரண்டாவது உண்டானது. அவருக்குத்தான் முதலில் கடிதம் எழுதினேன். பதில் இன்லண்ட் லெட்டரில் வந்தது. நலம் விசாரிப்பு என்று ஒரு வரி கிடையாது. "ஞாயிற்றுக்கிழமை இரண்டு மாத்திரை. கொசுவலை. ரத்தம் ஊறும் மாத்திரை. சத்தியமாகச் சொல், தின்கிறாயா?" அவ்வளவுதான். நான் திமிராக, இரண்டாவது பிள்ளைக்கு நாய்க்கு ரூம் பழகியிருக்குமே, மாத்திரை எதற்கு என்று எழுதினேன். அடுத்த லெட்டரில், "நாயை நம்பி வீட்டைத் திறந்து போட்டுவிட்டு யாராவது ஊருக்குப் போவார்களா?" என்று எழுதியிருந்தார். ஞாயிறு தவறாமல் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். ஒவ்வொரு தடவையும் அந்த வாய்க்கசப்போடு, மகளின் குதிகால் ஞாபகம் வரும்.

ஏழாம் மாதம் ஊருக்கு வந்தேன். வீட்டுக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்ற ஆள், "ஏனுங்க, இங்க என்னமோ பொட்டலம் இருக்குதுங்க" என்று கீழே போட்டார். அம்மா அதைப் பிரித்துப் பார்த்தார். பழுப்பேறிய மாத்திரைகள். என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கையில் மாத்திரையும் வெல்லமும் வைத்து, நான் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை எதிரிலேயே நின்றார்.

புதன்கிழமைகள் மறுபடி வந்தன. விரலில் குத்தல், காலண்டர் அட்டை, "கண்ணுல படல". எனக்கு இந்தத் தடவை அந்தப் பதில் போதவில்லை. முதல் தடவையும் இதே பதில்தான், உள்ளே ரூம் நிறையத் திருடர்கள் இருந்தார்கள். வயிற்றைத் தடவித் தடவிப் பார்ப்பேன். தின்ற மாத்திரை போதுமா, உள்ளே இருப்பவனுக்குச் சோறு போகிறதா என்று சொல்ல ஒருவராலும் முடியாது. பிறந்தால்தான் தெரியும்.

மகன் கணக்குப்படி மாதம் நிறைந்து பிறந்தான். நல்ல கருப்பு. தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. நர்ஸம்மா தராசில் வைத்துவிட்டுச் சிரித்தார். ஆனாலும் நான் அவன் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் வரைக்கும் இப்படியே பயந்து கிடக்க வேண்டுமா என்று நினைத்து வாசலைப் பார்த்தேன்.

வராந்தாவில் என் அம்மா நின்றிருந்தார். கையில் மண்சட்டி. அப்பா சைக்கிளோடு கேட்டில் காத்திருக்க, அம்மா சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நேராக ரத்தம் பார்க்கும் அறைக்குப் போனார்.

"ஏனுங்க அம்மணி, மொதல்ல நீங்க பாத்துபோடுங்க. பொதைக்கறத அப்பறம் பொதைச்சுக்கலாம்."

கண்ணாடிக்காரம்மா சட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கும் கரண்ட் இல்லாமல் மைக்ராஸ்கோப் வராந்தாவுக்கு வந்தது. மேகம் போட்டிருந்தது. மேகம் விலகும்போதெல்லாம் குனிவார், மூடினால் நிமிர்ந்து காத்திருப்பார். முதல் சில்லு முடிந்து இரண்டாவது, இரண்டாவது முடிந்து மூன்றாவது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. அம்மா சட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார், காக்கை வந்தால் விரட்டினார். நான் பிள்ளையை அணைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்தேன். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

கடைசியில் எழுந்தார். மூடியே இருந்த இடது கண்ணைத் திறந்து தேய்த்துக்கொண்டார். வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை.

"இல்லீங்கம்மா" என்றார்.

அம்மா எழுந்து நின்றார். "இன்னொருக்கா பாத்துபோட்டுச் சொல்லுங்க அம்மணி. நாங்க இருக்கறோம். ஒண்ணும் அவசரமில்ல."

"வேண்டாமுங்க. மூணு சில்லும் பாத்துட்டேன். மூல முடுக்கெல்லாம் பாத்துட்டேன். இல்லீங்க. சுத்தமா இல்ல."

ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்து, "இல்ல கண்ணு" என்று மறுபடி சொன்னார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ பேர் அழுதிருப்பார்கள், ஆனால் அப்படிச் சந்தோஷமாக அழுதிருப்பார்களா தெரியாது. அவர் மேஜையிலிருந்த ரெஜிஸ்டரைத் திறந்து, என் பெயருக்கு நேரே, கோடு போடும் கட்டத்தில், எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி மெதுவாக ஏதோ எழுதினார்.

அம்மா சட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். "அம்மணி, நேரத்துக்குச் சாப்புடாம இருக்கறீங்க. எங்கூட்டுக்கு வாங்க. சோறு ஆக்கி வெச்சுட்டுத்தான் வந்தேன்."

வழக்கமாக யார் கூப்பிட்டாலும் "பாத்துபோட்டுச் சொல்றேனுங்க" என்பவர், நீல விரல்களைச் சீலையில் துடைத்துக்கொண்டார்.

"வாரேனுங்க" என்றார்.